மருத்துவ பெலோஷிப்பும் சுயவிபரக்கோவையும்

எம்.டி. பரீட்சையில் சித்தியடைந்த உடனேயே ஒருவர் விசேட வைத்திய நிபுணராகிவிடுவதில்லை. இது எங்கள் ஊர்களில் பலருக்குத் தெரியாது. பரீட்சைக்குப் பிறகு அவர் சீனியர் ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி பெற வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அவரை நிபுணராகச் சான்றுப்படுத்துவதற்கு முன்னர், பெரும்பாலான துறைகளில், வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றிலும் வேலை பழகி வருவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் அவரவர் பாடு. சிலர் தமக்கு முன்னர் போனவர்களின் வைத்தியசாலைகளுக்கு எழுதிப் பார்ப்பார்கள். சிலர் விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பார்கள். எந்த வழியிலென்றாலும் ஆளுக்கு முன்னர் போய்ச் சேர்வது அவருடைய சுயவிபரக்கோவைதான். எல்லோரும் அதை சீ.வி. என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் கிழக்கில் வேலை செய்யும் ஒரு பொது மருத்துவ நிபுணர். இங்கிலாந்தில் பயிற்சியிலிருந்த காலத்தில் எங்கள் பிரிவுக்கு வந்த விண்ணப்பங்களை வடிகட்டும் வேலையில் கூட இருந்திருக்கிறேன். திரும்பி வந்த பிறகு, எங்கட புள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் சீ.வி.க்களைப் பார்த்துக் கொடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. இரண்டையும் செய்ததில் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. கைத்திறனில் எங்கள் வைத்தியர்கள் யாருக்கும் குறைந்தவர்களல்லர். அந்தத் திறன் தாளில் எந்த மூலையில் கிடக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரியாமல் போவதால்தான் பலருக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பே வருவதில்லை.

முதலில் பெலோஷிப் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாட்டுக்கு நாடு அதன் பொருள் மாறும். அமெரிக்காவில் அது ரெசிடென்சியை முடித்தவர் இதயம், குடல், சிறுநீரகம் போன்ற ஒரு உப துறைக்காகச் செய்யும் பயிற்சி. அங்கே ஈராஸ் என்ற பொது முறையினூடாகவே பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டும், சீ.வி.யில் உள்ளவற்றைக் கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்வார்கள். பிரித்தானியாவில் ‘கிளினிக்கல் பெலோ’ என்பது சம்பளமுள்ள ஒரு வேலை. வார்டு, ஒன்கோல், கிளினிக் எல்லாம் அதில் உண்டு. அதைவிட எம்.டி.ஐ. என்று ஒரு வழியும் இருக்கிறது. 2009 முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் வெளிநாட்டு வைத்தியர் ஆகக்கூடியது 24 மாதம் அங்கே பழகிவிட்டு நாடு திரும்ப வேண்டும். எங்கள் ஆட்கள் அதிகம் எழுதுவது பிரித்தானியாவுக்குத்தான் என்பதால் அதையே மனதில் வைத்துச் சொல்கிறேன்.

அங்கே ஒரு விளம்பரம் வந்தால் அதோடு இரண்டு ஆவணங்கள் வரும். ஒன்று வேலை என்ன என்று சொல்வது. மற்றது ‘பர்ஸன் ஸ்பெசிபிகேஷன்’. எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று சொல்வது. இந்த இரண்டாவதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அதில் இரண்டு நிரல்கள் இருக்கும். முதலாவது கட்டாயம் இருக்க வேண்டியவை, அடுத்தது இருந்தால் நல்லவை. தகைமை, அனுபவம், செய்முறைகள், ஓடிட், ஆராய்ச்சி, கற்பித்தல், ஆட்களோடு பழகும் விதம் என்று வரி வரியாகப் போட்டிருப்பார்கள். விண்ணப்பங்களை வடிகட்டுபவர் கையில் இருப்பதும் அதே பட்டியல்தான். அவர் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடி, கண்டால் புள்ளி போடுகிறார். கிளினிக்குக்கும் வார்டுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், ஒரு கட்டு விண்ணப்பங்களை முன்னால் வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. கட்டாயமான ஒன்றுக்கு ஆதாரம் காணாவிட்டால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த விண்ணப்பம் ஒதுக்கப்படும். அவர் உங்களைப் பற்றி ஊகித்து எதையும் போட்டுக்கொள்ள மாட்டார். போடவும் கூடாது. தாளில் உள்ளதற்கு மட்டும் புள்ளி கொடுப்பதுதான் எல்லோருக்கும் நியாயம்.

ஆகவே சீ.வி. எழுத உட்காரும்போது உங்கள் வாழ்க்கையை நினைக்காதீர்கள். அந்தப் பட்டியலை நினையுங்கள். ஒரே சீ.வி.யை முப்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, ஐந்து இடத்துக்கு ஐந்து விதமாக ஒழுங்குபடுத்தி அனுப்புவது மேல். விடயம் மாறுவதில்லை. எது முன்னால் வருகிறது, எதற்கு எத்தனை வரி என்பதே மாறுகிறது.

இங்கே எங்களுக்கு இடைஞ்சலாக வருவது ‘பயோடேட்டா’ பழக்கம். பாடசாலைக் காலத்திலிருந்து நாங்கள் அறிந்த மாதிரி ஒன்றுதான். முழுப்பெயர், முதலெழுத்துடன் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, இனம், சமயம், விவாகமானவரா, க.பொ.த. சாதாரண தரம் ஒன்பது பாடம், உயர்தரம் மூன்று பாடம், கடைசியில் மேலே கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன் என்று ஒரு கையெழுத்து. வலது மூலையில் நீலப் பின்னணியில் ஒரு படம். இது அரசாங்க வேலைக்கும் கலியாணத் தரகருக்கும் சரி. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயது, இனம், சமயம், பால், திருமண நிலை முதலானவற்றின் பேரில் வேலைக்கு ஆளெடுப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதனால் இந்த விபரங்களைக் கண்ணில் காணாதிருப்பதையே அங்குள்ளவர் விரும்புகிறார். தேசிய சுகாதார சேவையின் இணைய விண்ணப்பங்களில் வடிகட்டுபவருக்குப் பெயர்கூடத் தெரியாதபடி மறைத்துவிடுவார்கள். படம், தகப்பன் பெயர், விவாகம், சமயம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாதாரண தரப் பெறுபேறும் வேண்டாம். மாவட்டத்தில் முதலாமிடம் வந்த கதையை உம்மா சொல்லிக்கொண்டிருக்கட்டும், சீ.வி.யில் அதற்கு இடமில்லை.

முதல் பக்கத்தின் மேலே இருக்க வேண்டியது கொஞ்சம்தான்: பெயர், மின்னஞ்சல், நாட்டுக் குறியீட்டுடன் தொலைபேசி, இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கம், பிரித்தானிய ஜி.எம்.சி. பதிவின் நிலை, ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. ஜி.எம்.சி. கேட்பது ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக்கில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7, அல்லது ஓ.ஈ.டி.யில் நான்கு பகுதியிலும் பி. இதை எடுத்திருந்தால் திகதியோடு போடுங்கள். எடுக்கவில்லையென்றால் எந்த மாதம் எடுக்கப்போகிறீர்கள் என்று போடுங்கள். வாசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த ஆள் எப்போது வேலைக்கு வந்து நிற்க முடியும் என்பதுதான்.

பெயர் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவு லேசான விடயமல்ல. தகப்பன் பெயரும் மூத்தவாப்பாவின் பெயரும் முதலெழுத்துகளாகி, நடுவில் முகம்மதுவும் வந்து, கடைசியில்தான் கூப்பிடும் பெயர் வரும். பிறப்புச் சான்றிதழில் முகம்மதுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘எம்’, பல்கலைக்கழகச் சான்றிதழில் இரண்டு ‘எம்’, கடவுச்சீட்டில் ‘ஈ’க்குப் பதிலாக ‘ஏ’. லெப்பை ஓரிடத்தில் தனிச்சொல், இன்னோரிடத்தில் ஒட்டுச்சொல். பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சிக்கல். பாத்திமா முதலில் வரும். கலியாணத்துக்குப் பின் கடவுச்சீட்டில் கணவர் பெயர் ஏறியிருக்கும். ஆய்வுக்கட்டுரை வந்ததோ வாப்பாவின் பெயரோடு. ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும் என்பதால் இதெல்லாம் ஒரு பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. ஆனால் சீ.வி.யில் எழுதிய கட்டுரையை வாசிப்பவர் பப்மெட்டில் தேடுவார். அங்கே குடும்பப் பெயரும் அதன்பின் முதலெழுத்துகளும்தான் நிற்கும். குடும்பப் பெயராக ‘முகம்மது’ ஏறியிருந்தால் உலகத்திலுள்ள அத்தனை முகம்மதுகளோடும் நீங்கள் கலந்துபோவீர்கள். சீ.வி.யில் ஒரு பெயர், கட்டுரையில் இன்னொரு பெயர் என்றால், அது உங்கள் கட்டுரைதானா என்ற ஐயம் வருவதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை.

வழி இதுதான். கடவுச்சீட்டில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எம்.சி. பதிவும் விசாவும் அதைத்தான் பின்பற்றும். கட்டுரைகள் வேறு பெயரில் வந்திருந்தால், வெளியீடுகள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியிலேயே இன்ன பெயரிலும் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் உங்கள் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். ஓர்கிட் என்று 16 இலக்கம் கொண்ட ஒரு அடையாளம் 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் அந்த இலக்கம் மாறாது. எங்கள் பெயர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு போலத்தான் எனக்குத் தோன்றும். சான்றிதழ்களுக்கிடையில் பெயர் பெரிதாக வேறுபட்டால் ஒரு சத்தியக் கடதாசியை நேரகாலத்தோடு முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதவிகள். இப்போது இருக்கும் பதவி முதலில் வர வேண்டும், பழையது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் மாதமும் ஆண்டும் வேண்டும். ‘2019 – 2020’ என்று மட்டும் எழுதினால் அது இரண்டு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

பதவிப் பெயர்களில் ஒரு குழி இருக்கிறது. இலங்கையில் ரெஜிஸ்ட்ரார் என்றால் எம்.டி.க்காகப் பயிற்சியில் இருப்பவர். சீனியர் ரெஜிஸ்ட்ரார் என்றால் எம்.டி. முடித்தவர். பிரித்தானியாவில் ரெஜிஸ்ட்ரார் என்று பொதுவாகச் சொல்வது நிபுணர் பயிற்சியின் மேல்படியில் இருப்பவரை. சீனியர் ரெஜிஸ்ட்ரார் என்ற பதவி அங்கே 1990களிலேயே போய்விட்டது. பெயரை மாற்றாதீர்கள். நியமனக் கடிதத்தில் இருப்பதையே எழுதி, பக்கத்தில் ‘எம்.டி.க்குப் பிந்திய நிபுணர் பயிற்சி’ என்று நாலு சொல் சேருங்கள். வைத்தியசாலையின் தரமும் அப்படித்தான். ‘ஆதார வைத்தியசாலை, ஏ தரம்’ என்றால் எங்களுக்கு உடனே ஒரு படம் வரும். மான்செஸ்டரில் இருப்பவருக்கு ஒன்றும் வராது. எத்தனை கட்டில், உங்கள் பிரிவில் எத்தனை வைத்தியர், ஒன்கோல் எத்தனை நாளைக்கு ஒருமுறை, அவசர சிகிச்சைப் பிரிவும் எச்.டி.யூ.வும் இருந்தனவா என்பதை ஒரே வரியில் சொன்னால் போதும். கட்டில் எண்ணிக்கையும் ஒன்கோலும் எந்த நாட்டு வைத்தியருக்கும் விளங்கும்.

திகதிகளை இப்படிச் சரியாகப் போட்டால் இடைவெளிகள் வெளியே தெரியும். தெரியட்டும். இலங்கையில் இறுதி எம்.பி.பி.எஸ். முடிந்து உள்ளகப் பயிற்சி நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் வீட்டிலிருக்க வேண்டி வருவதும், உள்ளகப் பயிற்சி முடிந்து அடுத்த நியமனத்துக்குக் காத்திருப்பதும் எங்களுக்கு ஊரறிந்த சங்கதி. வெளியாருக்கு அது விளங்காத ஒரு வெற்றிடம். வேலையில்லாமல் இருந்தாரா, பரீட்சையில் தவறினாரா, ஒழுக்காற்று நடவடிக்கையா என்று அவர் யோசிக்க இடம் கொடுக்கக் கூடாது. ‘நாடளாவிய உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காகக் காத்திருந்த காலம்’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. பிள்ளைப்பேற்று விடுமுறையும் அப்படியே. ஒரு மகள் என்னிடம் கொண்டுவந்த சீ.வி.யில் இரண்டு பிள்ளைப்பேற்றுக் காலத்தையும் மறைப்பதற்காக மாதங்களையெல்லாம் நீக்கி ஆண்டுகளை மட்டும் விட்டிருந்தார். மறைக்க அதில் என்ன இருக்கிறது? விடுமுறை எடுத்த காலத்தை அப்படியே எழுதலாம். அதற்காக யாரையும் கழிக்க அங்கே சட்டம் விடாது. மாதங்களை நீக்கியதால் வந்த குழப்பம்தான் அவருக்குப் பாதகம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு வைத்தியர் கையால் என்ன செய்ய முடியும் என்பது எங்கள் சீ.வி.க்களில் மிக மெலிந்து கிடக்கும் பகுதி. ஒரு தம்பியோடு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“தம்பி, ராவுல சீரியஸ் கேஸ் வந்தா முதல்ல பாக்கிறது யாரு?”

“நான்தான் சேர்.”

“எச்.டி.யூ.வில டெங்கு நோயாளிக்கு மணிக்கு எவ்வளவு சேலைன் எண்டு கணக்குப் பாத்தது?”

“அதுவும் நான்தான். கன்சல்டன்ட் சேர் ஃபோன்ல இரிப்பார்.”

“இது ஒண்டையும் இதுல காணல்லியே.”

“அது எல்லாரும் செய்யிறதுதானே சேர். அதப் போட்டாப் பெருமையடிக்கிற மாதிரி இரிக்காதா?”

அந்தத் தம்பியின் சீ.வி.யின் கடைசிப் பக்கத்தில் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் இரண்டாமிடம் வந்தது இருந்தது. அதில் அவருக்குப் பெருமை தோன்றவில்லை. தற்புகழ்ச்சி கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள், சான்றிதழ் தந்த எதையும் எழுதுவார்கள். சான்றிதழ் தராத வேலையை எழுதக் கூசுவார்கள். ஆனால் செய்ததைச் செய்தேன் என்று அளவோடு சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது. பெருமை எங்கே வருகிறதென்றால் ‘மிகச் சிறந்த’, ‘ஆழ்ந்த ஆர்வமுள்ள’, ‘கடின உழைப்பாளியான’ என்ற அடைமொழிகளில்தான் வருகிறது. அவை இதே சீ.வி.யின் முதல் பந்தியில் நிறைய இருந்தன. எந்த அடைமொழிக்கும் புள்ளி கிடையாது.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானார்கள். அந்த ஆண்டில் மருத்துவ வார்டுகளில் நின்ற இளம் வைத்தியர்கள் பார்த்த நோயாளரைப் போல இங்கிலாந்தில் ஒருவர் தன் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. ஆனால் ‘டெங்கு முகாமைத்துவத்தில் அனுபவம்’ என்று எழுதினால் அங்கே அதற்குப் பயனில்லை. அவர்கள் வார்டில் டெங்கு இல்லையே. டெங்குவைப் பார்க்கும்போது நீங்கள் செய்தது என்ன? இரத்த நாளத்திலிருந்து நீர் கசியும் அந்த 24 – 48 மணித்தியாலத்தில் நாடித்துடிப்பையும் நாடியழுத்தத்தையும் சிறுநீரையும் பி.சி.வி.யையும் திரும்பத் திரும்பப் பார்த்து, கொடுக்கும் திரவத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுபோனீர்கள். வயிற்றிலும் நெஞ்சறையிலும் நீர் சேர்கிறதா என்று கட்டிலடியிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்தீர்கள். அதிர்ச்சி நிலைக்குப் போனவரை மீட்டீர்கள். இரவில் தனியே நின்று முடிவெடுத்தீர்கள். எப்போது நிபுணரைக் கூப்பிட வேண்டும் என்றும் முடிவெடுத்தீர்கள். இவை ஒவ்வொன்றும் பர்ஸன் ஸ்பெசிபிகேஷனில் கேட்கப்படும் விடயங்கள். இந்தச் சொற்களில் எழுதினால் வாசிப்பவரின் பேனா தானாக அசையும். பாம்புக்கடிக்கும் இதே கதைதான். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது அனஃபிலக்ஸிஸ் வந்தவரைக் காப்பாற்றியது, மூச்சுத் தசை செயலிழந்தவருக்குக் குழாய் போட்டது – அதைச் சொல்லுங்கள்.

செய்முறைகளுக்கு எண்ணிக்கை வேண்டும். அதைவிட எந்த அளவில் செய்தீர்கள் என்பது வேண்டும். பார்த்தது, துணைக்கு நின்றது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்வித்தது என்று படிகள் உண்டு. பிரித்தானிய சத்திரசிகிச்சைப் பயிலுநர்களின் லொக்புக்கில் இது இன்னும் நுணுக்கம்: மேற்பார்வையாளர் கையுறை போட்டுப் பக்கத்தில் நின்றாரா, கையுறை போடாமல் தியேட்டருக்குள் இருந்தாரா என்பதற்குக்கூடத் தனித்தனிக் குறியீடு. எங்கள் வைத்தியசாலைகளில் ஒரு ரெஜிஸ்ட்ரார் செய்யும் சத்திரசிகிச்சைகளின் தொகை அங்குள்ளவர்களைத் திகைக்க வைக்கும். ஆனால் லொக்புக் வைத்திராவிட்டால் அது வெறும் வாய்ச்சொல். இன்றைக்கே ஒரு கொப்பியிலாவது எழுதத் தொடங்குங்கள். நோயாளியின் பெயரை எழுதாமல், பி.எச்.ரி. இலக்கத்தோடு. மாதம் ஒருமுறை உங்கள் நிபுணரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

ஓடிட் என்பது எங்களிடம் இன்னும் சரியாக வேரூன்றவில்லை. ஆராய்ச்சி புதிதாக ஒன்றைக் கண்டறியப் பார்க்கிறது. ஓடிட், செய்ய வேண்டியது என்று ஏற்கனவே ஒப்புக்கொண்டதைச் செய்கிறோமா என்று பார்க்கிறது. ஒன்றை நானே கட்டிச் சொல்கிறேன். ஒட்சிசன் கொடுக்கும் நோயாளிக்கு இலக்கு அளவு எழுதப்பட வேண்டும் என்பது பிரித்தானிய நெஞ்சுநோய்ச் சங்கத்தின் வழிகாட்டல். பெரும்பாலானோருக்கு 94 – 98 வீதம், காபனீரொட்சைட்டு தேங்கும் ஆபத்துள்ளவர்களுக்கு 88 – 92. உங்கள் வார்டில் ஒரு மாதம் பி.எச்.ரி.களைப் பார்த்து எத்தனை பேருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுகிறீர்கள். பிறகு உள்ளகப் பயிலுநர்களுக்கு ஒரு வகுப்பும் சுவரில் ஒரு தாளும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எண்ணுகிறீர்கள். அந்த இரண்டாவது எண்ணல்தான் உயிர்நாடி. அது இல்லாத ஓடிட்டைப் பாதி ஓடிட் என்றே அங்கே எடுப்பார்கள். இதற்குப் பணமும் வேண்டாம், பேராசிரியரும் வேண்டாம். எழுதும்போது கேள்வி, முதல் பெறுபேறு, செய்த மாற்றம், இரண்டாவது பெறுபேறு, இதில் உங்கள் பங்கு என்ன என்பதை மூன்று வரிக்குள் சொல்லுங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதினால் உங்களுக்குப் புள்ளி இல்லை. நீங்கள் தரவு சேர்த்தவரா, வடிவமைத்தவரா, முன்வைத்தவரா?

வெளியீடுகளில் நேர்மை பற்றி ஒரு வார்த்தை. சஞ்சிகைக்கு அனுப்பியது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, வெளிவந்தது மூன்றும் மூன்று. அனுப்பியதை வெளிவந்தவற்றின் கீழ் போடக்கூடாது. மாநாட்டுச் சுருக்கத்தை முழுக்கட்டுரை போலக் காட்டக்கூடாது. நாலாவது ஆசிரியராக இருந்தால் நாலாவது இடத்திலேயே பெயர் இருக்க வேண்டும். வரிசையை மாற்றி எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். தன் தகைமையையும் அனுபவத்தையும் பற்றி உண்மையே சொல்ல வேண்டும் என்பது ஜி.எம்.சி.யின் அடிப்படை விதிகளில் ஒன்று. சீ.வி.யில் இல்லாத கட்டுரையை இருப்பதாக எழுதிய வைத்தியர்கள் அங்கே விசாரணை மன்றத்தின் முன் நின்றிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகளிலும் போய் விழாதீர்கள். இலங்கை மருத்துவ சஞ்சிகை 1887 முதல் வருகிறது. அதில் வந்த ஒரு சிறு நோயாளர் குறிப்பு, அப்படிப்பட்ட ஐந்து கட்டுரைகளைவிடப் பெறுமதி.

கற்பித்தல், தலைமைத்துவம் ஆகிய பகுதிகளை நீட்டத் தேவையில்லை. யாருக்கு, எதை, எவ்வளவு காலம் என்று சொன்னால் போதும். பள்ளிவாசலில் நடத்திய இலவச மருத்துவ முகாமைப் போடலாமா என்று கேட்பார்கள். ஒழுங்குசெய்தவர் நீங்கள் என்றால் போடலாம்: எத்தனை பேர் வேலை செய்தார்கள், கண்டுபிடித்த நோயாளரை எங்கே அனுப்பினீர்கள். ஒருநாள் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனவரென்றால் விட்டுவிடுங்கள்.

ரெஃபரீகள் விடயத்தில் மீண்டும் பயோடேட்டா வந்து நிற்கும். ‘உறவினரல்லாத இருவர்’ என்றவுடன் அதிபரையும் பள்ளிவாசல் தலைவரையும் போடுவது எங்கள் வழக்கம். ஒருவர் பாராளுமன்ற உறுப்பினரின் பெயரைப் போட்டிருந்தார்! இங்கே கேட்கப்படுவது நீங்கள் நல்ல பிள்ளையா என்பதல்ல. உங்களோடு வேலை செய்து, உங்கள் கையைப் பார்த்தவர் யார் என்பது. தற்போதைய மேற்பார்வை நிபுணர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் ஏன் என்ற கேள்வி வரும். கடந்த மூன்று வருடத்துக்கும் ஆள் இருக்கும்படி பாருங்கள். எங்கள் நிபுணர்கள் பலர் ஜிமெயில்தான் பாவிக்கிறார்கள். அங்கே உத்தியோகபூர்வ முகவரியைக் கேட்டு அடம்பிடிப்பார்கள். பல்கலைக்கழக முகவரி உள்ள ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது வைத்தியசாலைக் கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் எடுத்து வையுங்கள். பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் சீ.வி.யையும் விளம்பரத்தையும் அவருக்கே அனுப்பிவிடுங்கள். வார்டில் நூறு பேரைப் பார்க்கிற மனிதருக்கு உங்கள் ஓடிட் ஞாபகம் இருக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது.

தோற்றத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, ஒரே எழுத்துரு, 11 அளவு, ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் பக்க எண்ணும். நிறக்கோடு, நட்சத்திரம், திறமையை வீதத்தில் காட்டும் வட்டம் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு பக்கத்துக்குள் முக்கியமானவை முடிந்துவிட்டால், வெளியீடுகளும் செய்முறைப் பட்டியலும் பின்னால் நீண்டாலும் பாதகமில்லை. பி.டி.எஃப். ஆக்கி, கோப்பின் பெயராக உங்கள் பெயரையும் மாதத்தையும் போடுங்கள். ‘ஃபைனல் நியூ 3’ என்ற பெயரில் எத்தனை கோப்புகள் எனக்கே வந்திருக்கின்றன!

நேரடியாக ஒரு நிபுணருக்கு எழுதுவதென்றால் மின்னஞ்சலின் உடலிலேயே விடயம் இருக்க வேண்டும். நான் யார், எந்தத் துறையில் எந்தப் படியில் இருக்கிறேன், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு காலம் வரலாம், ஆங்கிலப் பரீட்சையும் பதிவும் எந்த நிலையில், ஏன் உங்கள் பிரிவு. ஆறு ஏழு வரி. கடைசிக் கேள்விக்கு அந்தப் பிரிவு செய்யும் வேலையைப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும். ‘உலகப் புகழ்பெற்ற உங்கள் நிறுவனம்’ என்று எழுதினால் இதே மின்னஞ்சல் இன்னும் நாற்பது பேருக்குப் போயிருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிடும். பதில் வராவிட்டால் இரண்டு மூன்று கிழமை கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்தலாம். இலங்கை மருத்துவ சபையின் நற்சான்றுப் பத்திரத்தை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். இடம் உறுதியாகி, ஜி.எம்.சி. பதிவுக்கு விண்ணப்பிக்கும் கட்டம் நெருங்கும்போது எடுத்தால் போதும்.